டிரெய்லருக்கு எத்தனை வாட் ஜெனரேட்டர் வேண்டும்?

கேள்வி, ஏப்ரல் 11

எங்களிடம் வண்டிக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் வகை டிரெய்லர் இருக்கிறது, 23 அடி நீளம். 30 ஆம்பியர் இணைப்பு, கூரையில் 13,500 பி.டி.யூ. ஏசி, ஒரு மைக்ரோவேவ், இரண்டு லெட் ஆசிட் பேட்டரிகள். மின் இணைப்பு இல்லாத முகாம் இடங்களில் தங்குவதற்காக ஜெனரேட்டர் வாங்கப் போகிறோம். 4000 வாட்டுக்குக் குறைந்தால் ஏசி கிளம்பாது. ஆகவே பெரியதையே வாங்கிவிடுவது நல்லது என்பது என் முடிவு. மறுப்பு உண்டா?

ஏப்ரல் 11, இரவு

உண்டு. இதே முடிவை எடுத்து, கட்டட வேலை நடக்கும் இடங்களில் நிற்குமே, அந்தத் திறந்த சட்டக வகையில் 4000 வாட் ஜெனரேட்டர் ஒன்றை முதலில் வாங்கியவன் நான். ஏசி கிளம்பியது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் டிரெய்லருக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கத்த வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் வந்து, "இது எத்தனை மணிக்கு நிற்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றார். அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அந்த வகை இயந்திரம் ஏன் ஓயாமல் அலறுகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதில் மின்னாக்கி நேரே எஞ்சின் தண்டோடு சுழல்கிறது. அமெரிக்காவில் பயன்படும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வர வேண்டுமானால் இரண்டு துருவ மின்னாக்கி நிமிடத்துக்கு 3600 முறை சுற்றியாக வேண்டும். ஒரு விளக்கு எரிந்தாலும் சரி, ஏசி ஓடினாலும் சரி, வேகம் அதுவேதான். இன்வெர்ட்டர் வகையில் எஞ்சின் தரும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, பின்னர் மின்னணுச் சுற்று ஒன்றால் 60 ஹெர்ட்ஸ் ஆக்கப்படுவதால், சுமை குறைந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. முகாமுக்கு இன்வெர்ட்டர் வகையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே அடித்துச் சொல்லிவிடுகிறேன். வாட் கணக்கு நாளைக்கு.

ஏப்ரல் 12

நேற்று எழுதியதில் பாதி பழைய எரிச்சல், இன்று கணக்கு.

ஜெனரேட்டர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது உச்ச வாட். அதை இயந்திரம் சிறிது நேரமே தாங்கும். மணிக்கணக்கில் தரக்கூடிய தொடர் வாட் சிறிய எழுத்தில் வேறோர் இடத்தில் இருக்கும். ஹோண்டா ஈயு2200ஐ என்ற பரவலான மாதிரியில் 2200 என்பது உச்சம். தொடர்ந்து தருவது 1800. வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

இனி உங்கள் பக்கத்துச் சுமை. ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 60 ஆம்பியர் வரை இழுக்கும். கண் இமைப்பதற்குள் அது அடங்கிவிடும். ஓடத் தொடங்கிய பின் எவ்வளவு இழுக்கிறது என்பதை என் டிரெய்லரிலேயே கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தேன். வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருந்தபோது 11.5 ஆம்பியர், 35 டிகிரி இருந்தபோது 13.8 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் முதலாவது 1380 வாட், இரண்டாவது 1656 வாட். வெயில் ஏற ஏற ஏசியின் இழுப்பும் ஏறுகிறது என்பதை மறந்துவிட்டு, குளிர்ந்த மாலையில் வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்து மகிழ்ந்து போனவர்களில் நானும் ஒருவன்.

மைக்ரோவேவ் அடுத்த ஏமாற்று. கதவில் 1000 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் வாட்; சுவரிலிருந்து அது இழுப்பது 1500 வாட் அளவுக்கு இருக்கும். அதையும் ஏசியையும் ஒரே நேரத்தில் ஓட்ட நினைத்தால் உங்கள் 4000 வாட் நியாயமாகிவிடும். காபியைச் சூடாக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஏசியை நிறுத்திவைக்க மனம் வந்தால் அந்த நியாயம் போய்விடும்.

ஏப்ரல் 12, சற்று நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். டிரெய்லருக்குள் யாரும் தொடாமலேயே இழுக்கும் சுமைகள் மூன்று இருக்கின்றன. கம்பியைச் செருகியவுடன் பேட்டரிகளுக்கு மின்னேற்றும் கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும். பேட்டரி காலியாக இருந்தால் 700 வாட் வரை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் வகைக் குளிர்ப்பெட்டி தானியங்கி நிலையில் இருந்தால், மின்சாரம் வந்ததைக் கண்டதும் தானாக அதற்கு மாறி 300, 400 வாட் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சூடாக்கியின் மின் சுவிட்சைப் போனமுறை அணைக்க மறந்திருந்தால் இன்னும் 1400 வாட் போச்சு. ஏசி கிளம்பவில்லை, ஜெனரேட்டர் போதவில்லை என்று நொந்துகொள்பவர்களில் பலருக்கு உண்மையில் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் திருடன். எனக்குத் தண்ணீர் சூடாக்கி.

ஏப்ரல் 15

சத்தம் பற்றி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடி தொலைவில் அளக்கும்போது 60 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது விதி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். பல முகாம்கள் அதற்கு மேலும் இறுக்கி, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று மட்டுமே ஜெனரேட்டருக்கு அனுமதி தருகின்றன. இரவெல்லாம் ஏசி போட்டுத் தூங்கலாம் என்ற ஆசை உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருந்தால், அதை எந்த வாட்டாலும் நிறைவேற்ற முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பெட்டியில் 52 டெசிபல் என்று இருந்தால் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் கால் பங்குச் சுமையில், 7 மீட்டர் தொலைவில் அளந்த எண். ஏசி ஓடும்போது எஞ்சின் முழு வேகத்தில் இருக்கும். முழுச் சுமையில் அளந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

சிறியதாக இரண்டு வாங்கி இணைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு இயந்திரம் என்றால் இரு மடங்குச் சத்தம். ஆகவே ஒன்றே மேல்.

ஏப்ரல் 16

மேலே உள்ள கடைசிப் பத்தி தவறு, அழிக்காமல் விட்டுவைக்கிறேன். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் அடங்காது. ஒரே அளவு சத்தமிடும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதுபோலவே திறந்த வெளியில் தொலைவை இரு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும். அதாவது 7 மீட்டரில் இருக்கும் இரண்டு சிறிய இயந்திரங்களை 14 மீட்டருக்குத் தள்ளி வைத்தாலே, ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்ததைவிட அமைதியாகிவிடும்.

தள்ளி வைக்க நீளமான கம்பி வேண்டும். அங்கே ஒரு கஞ்சத்தனம் செய்து மாட்டிக்கொண்டேன். வீட்டில் தோட்டக் கருவிகளுக்கு வைத்திருந்த 50 அடி நீள 14 கேஜ் கம்பியைப் போட்டேன். ஓடும்போது மூன்றரை வோல்ட்தான் அதில் வீணாகும், பரவாயில்லை. ஆனால் கம்ப்ரசர் 60 ஆம்பியர் கேட்கும் அந்தக் கணத்தில் 15 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடுகிறது. கம்ப்ரசர் முனகும், விளக்கு மங்கும், பிறகு பிரேக்கர் விழும். கையால் தொட்டுப் பார்த்தால் கம்பியின் செருகுமுனை வெதுவெதுப்பாக இருந்தது. 10 கேஜ் கம்பி போட்டபின் அதே கணத்து இழப்பு 6 வோல்ட் ஆனது. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் எனக்கு அது தலைகீழாகத்தான் நினைவில் இருந்தது.

ஏப்ரல் 20

எடை. எல்லோரும் வாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து தரைக்கு இறக்குவது யார் என்று யாரும் கேட்பதில்லை. 2200 வாட் வகை ஏறத்தாழ 21 கிலோ. பெட்ரோலிலும் புரொப்பேனிலும் ஓடும் 3500 வாட் வகையில் என்னிடம் இரண்டாவதாக வந்தது 45 கிலோ. அதற்குச் சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் உண்டு. சரளைக் கல்லிலும் மணலிலும் அந்தச் சக்கரங்கள் உருளாமல் உழவு ஓட்டின. வண்டியின் பின்தட்டு என் இடுப்பு உயரம். அதிலிருந்து 45 கிலோவை ஒற்றை ஆளாக இறக்கிய முதல் மாலையில் நான் முகாம் நெருப்பின் பக்கத்தில் உட்காரவில்லை, மல்லாந்து படுத்திருந்தேன்.

இறக்காமல் வண்டியிலேயே வைத்து ஓட்டலாமே என்றால், ஓட்டலாம். காற்றோட்டம் இருக்க வேண்டும், மேலே மூடி இருக்கக்கூடாது, திருட்டுக்குச் சங்கிலியும் வேண்டும். ஆனால் பெட்ரோல் கேனை மட்டும் வண்டித் தட்டில் வைத்தபடி நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டலாம். பெட்ரோல் பங்கில் கேனைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.

இரண்டு சிறியவற்றின் பக்கம் நான் சாய்ந்ததற்கு முழுக் காரணமும் இந்த எடைதான். இரண்டும் இணைந்தால் 3600 வாட் தொடர்ந்து கிடைக்கும். தூக்குவது ஒருமுறைக்கு 21 கிலோ. வெயில் இல்லாத பயணத்துக்கு ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஒன்று பழுதானால் மற்றொன்று விளக்கை எரிய வைக்கும். இரண்டுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும், இரண்டின் கயிற்றையும் இழுக்க வேண்டும் என்பது மறுபக்கம். வெவ்வேறு நிறுவனத்தின் இயந்திரங்களை இணைக்க முயல வேண்டாம்.

ஏப்ரல் 21

புரொப்பேன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டிரெய்லரில் ஏற்கெனவே இரண்டு உருளைகள் இருக்கின்றன, தனியாகப் பெட்ரோல் சுமக்க வேண்டியதில்லை, கார்புரேட்டரில் பிசின் கட்டாது, எத்தனை வருடம் வைத்திருந்தாலும் கெடாது. இவை எல்லாம் உண்மை. ஆனால் வாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். பெட்ரோலில் 2800 தொடர்ந்து தரும் இயந்திரம் புரொப்பேனில் 2500 தரும். 9 கிலோ உருளை ஒன்றில் இருக்கும் வெப்பம் சுமார் 14 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வரும் என்று பாருங்கள்.

குளிர்காலத்தில் வேறொரு வேடிக்கை. உருளைக்குள் திரவம் ஆவியாகும்போது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. உறைநிலைக்கு அருகில் ஒரு காலையில் உருளையின் வெளிப்புறத்தில், திரவம் நிற்கும் மட்டம் வரை, கோடு கிழித்தாற்போல வெண்ணிறமாக உறைபனி படிந்தது. அந்தக் கோடு அழகாகத்தான் இருந்தது. எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டே இருந்தது. பாதிக்கும் கீழே இறங்கிய உருளை அந்தக் குளிரில் போதுமான வேகத்தில் ஆவி தரவில்லை. நிறைந்த உருளையை மாற்றியதும் சரியாயிற்று.

மே 3

ஒரு முழு மாலையைத் தின்ற விஷயம். புதிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் சீராக ஓடுகிறது, அதன் பச்சை விளக்கு எரிகிறது, நேரே செருகிய மேசை விளக்கு எரிகிறது. டிரெய்லருக்குள் மட்டும் ஒரு துளி மின்சாரமும் இல்லை. கம்பியை மாற்றினேன், பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தேன், அடாப்டரைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, தற்செயலாக, இணைப்பில் நான் மாட்டியிருந்த மின் பாதுகாப்புப் பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தேன். பிழை எண் ஒன்று மாறி மாறித் தோன்றியது. கையேட்டில் அதற்குப் பொருள்: எர்த் இணைப்பு இல்லை.

காரணம் இதுதான். வீட்டு மின்சாரத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். டிரெய்லரின் உள் பலகையில் அவை வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் அந்தக் கட்டு மின்சாரம் வரும் இடத்தில்தான் இருக்க வேண்டும். சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் அந்தக் கட்டு எங்குமே கிடையாது; நியூட்ரல் மிதந்துகொண்டிருக்கும். பாதுகாப்புப் பெட்டி அதைப் பழுதான இணைப்பாகக் கருதி வாசலை மூடிவிடுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டு மணி நேரம் அதைத் திட்டியவன் நான்.

தீர்வு கைப்பிடி அளவுகூட இல்லை. நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்த செருகி ஒன்றை ஜெனரேட்டரின் காலியான துளையில் செருகினால் பெட்டி வழிவிடுகிறது.

மே 4

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு யாரும் அந்தச் செருகியைக் கையால் கட்டிக்கொள்ளக் கிளம்ப வேண்டாம். கம்பி இடம் மாறினால் என்ன ஆகும் என்று விளக்க எனக்கு விருப்பமில்லை. தயாராகவே விற்கிறார்கள், அதன் மேல் ஜெனரேட்டருக்கு மட்டும் என்று பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டுச் சுவரில் அதைச் செருகக்கூடாது. உங்கள் ஜெனரேட்டரில் ஏற்கெனவே நியூட்ரல் கட்டப்பட்டிருந்தால் அது தேவையும் இல்லை. கையேட்டில் ஒரு வரி இருக்கும்.

மே 19

ஏசியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேட்டரிக்கு வருகிறேன், ஏனென்றால் ஜெனரேட்டர் உண்மையில் அதிக நேரம் செய்யும் வேலை அதுதான்.

லெட் ஆசிட் பேட்டரி முதலில் பசியோடு தின்னும், பிறகு கொறிக்கும். என் கன்வெர்ட்டர் 55 ஆம்பியர். காலையில் தொடங்கும்போது 50 வரை போகிறது, இரண்டு மணி நேரத்தில் 15க்கு இறங்கிவிடுகிறது. கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்ப இன்னும் நான்கு மணி நேரம் வேண்டும். அந்த நான்கு மணி நேரமும் ஜெனரேட்டர் ஏறக்குறைய சும்மா ஓடுகிறது. ஆகவே காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, மீதியைக் கூரையில் இருக்கும் சோலார் தகடு மெதுவாக நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். வெயிலுக்கு அவசரமில்லை. முழுதும் நிரப்பாமல் நாள்கணக்கில் வைத்திருந்தால் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும் என்பதால் அந்த மீதியை விட்டுவிடவும் முடியாது. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கொறிப்புப் பழக்கம் இல்லை, ஏறக்குறைய கடைசிவரை ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக்கூடாது.

ஜெனரேட்டரிலேயே 12 வோல்ட் துளை இருக்கிறதே, நேரே பேட்டரிக்குக் கொடுக்கலாமே என்று நானும் நினைத்தேன். அது தருவது 8 ஆம்பியர். 100 வாட் வேலைக்கு எஞ்சினை நாள் முழுக்க ஓட்டுவதாகிவிடும். டிரெய்லர் கம்பியைச் செருகி, கன்வெர்ட்டர் வழியாகவே ஏற்றுங்கள்.

இந்த வேலைக்கு எத்தனை வாட் வேண்டும்? 700, 800. அவ்வளவுதான்.

ஜூன் 8

கேட்டவர் 2200 வாட் ஒன்றையும், ஏசிக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டரையும் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. கூரையில் ஏசி மூடியைக் கழற்றி உள்ளே பொருத்தும் இந்தச் சிறிய பெட்டி, கம்ப்ரசரை ஒரே அடியில் கிளப்பாமல் படிப்படியாக வேகமேற்றுகிறது. கிளம்பும் இழுப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனக்குப் பொருத்த இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதில் ஒரு மணி நேரம் கூரையில் கைதவறி உருண்டுபோன திருகைத் தேடியது. கபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும், அதை இறக்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்து அவர் 8000 அடி உயரத்தில் ஒரு முகாமுக்குப் போகிறாராம், ஏசி ஓடுமா என்கிறார். ஒவ்வொரு 1000 அடிக்கும் எஞ்சின் திறன் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். எட்டுக்கு 28 சதவீதம். 2200இல் மீதி 1584. மிதமான வெயிலில் ஏசிக்கு 1400 போதும், ஆக ஓடும்.

ஜூன் 9

ஓடாது. இரண்டு மாதமாக எல்லோருக்கும் உபதேசம் செய்துவிட்டு நானே பெட்டியின் பெரிய எழுத்தில் இருந்து கழித்திருக்கிறேன். 1800இலிருந்து 28 சதவீதம் கழித்தால் 1296. சாஃப்ட் ஸ்டார்ட்டர் கிளப்பிவிடும். கிளம்பிய பின் தாங்காது, சில நிமிடத்தில் மிகைச்சுமை விளக்கு சிவப்பாகிவிடும். அதுவும் கார்புரேட்டருக்கு அந்த உயரத்துக்கான ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறுதுளைத் திருகு) போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. போடாவிட்டால் காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் மிகுந்து இன்னும் குறையும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். ஜெட்டை மாற்றினால் கீழே இறங்கியதும் மறக்காமல் பழையதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும்.

ஆனாலும் 8000 அடியில் மாலை ஆறு மணிக்குக் கம்பளி தேடுவார்களே ஒழிய ஏசியைத் தேட மாட்டார்கள். பேட்டரிக்கு 1296 தாராளம்.

ஜூலை 6

இதை முதல் குறிப்பாகவே எழுதியிருக்க வேண்டும்.

நேற்றுப் பிற்பகல் ஏசி போட்டு இருவரும் தூங்கிக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் டிரெய்லரின் பின்பக்கத்தில், நான்கு மீட்டர் தள்ளி இருந்தது. வைக்கும்போது காற்று எதிர்ப்பக்கமாக வீசிற்று. மூன்று மணி வாக்கில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. நான் முதலில் நினைத்தது, பேட்டரி தீர்ந்துபோய் கத்துகிறது என்பதுதான்; கையை நீட்டி அதை அமுக்கவும் போனேன். மனைவி எழுந்து உட்கார்ந்து, தலை வலிக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கதவைத் திறக்க வைத்தது. வெளியே வந்து பார்த்தால் காற்று திரும்பியிருந்தது. புகைபோக்கியின் மூச்சு நேரே பின் சன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது, சன்னல் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. அரை மணி நேரத்தில் தலைவலி போயிற்று. என் கை நடுங்குவது நிற்க அதற்கு மேல் ஆயிற்று.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்கிறது. குறைந்தது 20 அடி தள்ளி, புகைபோக்கி எதிர்த் திசையைப் பார்க்க வைக்க வேண்டும்; அந்தப் பக்கத்துச் சன்னல்களை மூட வேண்டும்; எதிர்த் திசையில் பக்கத்தவர் கூடாரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், துணிக்கு அலாரம் கிடையாது. புதிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் வாயு கூடினால் தானாக நிற்கும் உணரி இருக்கிறது. அது அளப்பது இயந்திரத்தைச் சுற்றியுள்ள காற்றை; என் கதையில் இயந்திரத்தைச் சுற்றிலும் நல்ல காற்றோட்டம்தான். ஆகவே டிரெய்லருக்குள் அலாரம் வேண்டும். அதற்கும் ஆயுள் சில வருடங்களே. பின்பக்கத்தில் எழுதியிருக்கும் தேதியை இன்றைக்கே பாருங்கள்.

ஏப்ரல் 16ஆம் தேதி 14 மீட்டருக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு நான் ஏன் நான்கில் வைத்தேன் என்றால், தடித்த கம்பியைச் சுருட்டி எடுக்கச் சோம்பல்.

ஆகஸ்ட் 17

சிறிய குறிப்பு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜெனரேட்டர் நின்றால் பெட்ரோலையும் பிளக்கையும் சந்தேகிக்கும் முன் அது சாய்வான தரையில் நிற்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் உணரி, எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் நிறுத்திவிடும். இந்த எஞ்சின்களில் மொத்த எண்ணெயே அரை லிட்டருக்குக் குறைவு. முதல் மாற்றம் 20 மணி நேரத்தில், அதன்பின் 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை. முதல் மாற்றத்தில் வெளியே வந்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், வெள்ளித் தூள் கலந்ததுபோல மினுமினுத்தது. புது எஞ்சின் தேய்ந்து படியும் துகள் அது. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் உள்ளே விட்டுவைக்கவும் கூடாது.

காட்டுப் பகுதிகளுக்குப் போகிறவர்கள் புகைபோக்கியில் பொறி தடுக்கும் வலை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளவும். அமெரிக்க வனத்துறை நிலங்களில் அது கேட்கப்படும்.

அக்டோபர் 5

குளிர்காலத்துக்கு மூடிவைக்கும் வேலை. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரில் தங்கினால் வசந்தத்தில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழலும். தொட்டியை வடித்து, பெட்ரோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகையும் தளர்த்தி மீதத்தை வடித்தேன். நின்றபின்னும் கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி அளவு இருந்தது. பிசின் கட்டுவது அந்த இரண்டு தேக்கரண்டிதான்.

மணிக் கணக்குக் கருவி ஒன்றை வசந்தத்தில் பிளக் கம்பியில் சுற்றி வைத்திருந்தேன். இந்தப் பருவத்தில் மொத்தம் 58 மணி நேரம் ஓடியிருக்கிறது. என் பயணக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏசிக்காக ஓடியது அதில் 9 மணி நேரம், மற்றதெல்லாம் பேட்டரியும் மைக்ரோவேவும். நான் முதலில் வாங்கிய 4000 வாட்டும், இரண்டாவதாக வாங்கிய 45 கிலோவும் இந்த 9 மணி நேரத்துக்காக வாங்கப்பட்டவை.

அப்படியானால் ஏசியையே விட்டுவிடலாமா என்று கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். முடியாது. அந்த 9இல் ஐந்து மணி நேரம், நாங்கள் இருவரும் வெளியே போயிருந்தபோது நாய்க்காக ஓடியது. ஜெனரேட்டர் நின்றுவிட்டால் மூடிய டிரெய்லருக்குள் அது என்ன ஆகும் என்ற கவலையில் இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டோம். உள்ளே வெப்பம் ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானி ஒன்றை அடுத்த பருவத்துக்குள் பொருத்த வேண்டும். சிக்னல் இல்லாத இடங்களில் அது எப்படிச் செய்தி அனுப்பும் என்பதைப் பொருத்திய பிறகு எழுதுகிறேன்.